பெயரிழந்த விமானங்கள்

விமானம் முதன்முதலாக வானேறிய 1903ஆம் ஆண்டுக்கும் இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939ஆம் ஆண்டுக்கும் இடையில், பெரிய தொழிற்சாலைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் உருவான விமான வகைகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றுள் பல, ஒன்றே ஒன்று மட்டும் செய்யப்பட்டு, சில முறை பறந்தோ ஒருமுறைகூடத் தரையை விட்டு எழாமலோ பிரித்துப் போடப்பட்டவை. செய்தவரின் குறிப்பேடு தொலைந்துபோனது, நிறுவனம் மூடப்பட்டது அல்லது வேறொன்றோடு இணைந்தது, வரைபடங்கள் எரிந்தன. ஆயினும் விமானம் அன்று காணக் கிடைக்காத அதிசயமாக இருந்தமையால், அது இறங்கிய வயல்வெளியிலும் கடற்கரையிலும் கேமரா வைத்திருந்த யாராவது ஒருவர் அதைப் படமெடுத்துவிட்டார். பொருளும் ஆவணமும் அழிந்து, படம் மட்டும் எஞ்சியிருக்கும் இந்த நிலையில், அப்படத்திலிருந்து விமானத்தின் வகையையும் செய்தவரையும் இடத்தையும் ஆண்டையும் மீட்டெடுக்கும் பணியை உலகின் பல நாடுகளிலும் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஆர்வலர்களே செய்துவருகின்றனர். ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று எளிதாக ஒதுக்கப்படும் இப்பணி, கூர்ந்து நோக்கினால், வரலாற்றாய்வின் மிகக் கண்டிப்பான வடிவங்களுள் ஒன்றாகவே தோன்றுகிறது.

கல்வெட்டு ஆய்வாளர் ஆண்டு குறிக்கப்படாத ஒரு கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு அதன் நூற்றாண்டைக் கணிப்பதுபோல, விமான ஆர்வலர் உறுப்புகளின் அமைதியைக் கொண்டு காலத்தைக் கணிக்கிறார். மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள் கொண்ட விமானமாயின், அவ்விரண்டையும் இணைக்கும் செங்குத்தான மரத்தூண்கள் ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை இணைகளாக நிற்கின்றன, மேலிறக்கை கீழிறக்கைக்கு நேர் மேலே உள்ளதா அல்லது சற்று முன்னே தள்ளி நிற்கிறதா என்பன முதலில் பார்க்கப்படும். அடுத்து எஞ்சின். சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்தவை ஒருவகை. வட்டமாக அமைந்து அசையாமல் நிற்பவை ஒருவகை. வட்டமாக அமைந்து புரொபெல்லரோடு தாமும் சேர்ந்து சுழல்பவை இன்னொரு வகை. மூன்றாம் வகை முதல் உலகப் போர்க் காலத்தில் மிகுதியாகப் பயன்பட்டுப் பின்னர் விரைவில் வழக்கொழிந்தது. ஆகவே அதைப் படத்தில் காண்பதே காலத்தை ஓரளவு சுருக்கிவிடுகிறது. விமானம் திரும்பும்போது இறக்கையின் முனையையே முறுக்கும் கம்பிகள் உள்ளனவா, அல்லது இறக்கையின் பின்விளிம்பில் தனியே அசையும் மடல்கள் உள்ளனவா என்பது இன்னொரு சான்று. வாலின் வளைவு, சக்கரங்களைத் தாங்கும் கால்களின் கோணம், எரிபுகைக் குழாய் செல்லும் பக்கம் என்று சான்றுகள் நீளும்.

இச்சான்றுகளின் அருமை, ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருப்பதில்தான் உள்ளது. பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் 1925இல் பறக்கவிட்ட மாத் என்னும் இரண்டு இருக்கை விமானமும், அதன் வழியில் 1931இல் வந்த டைகர் மாத் என்னும் பயிற்சி விமானமும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஜிப்சி எஞ்சின் பொருத்திய பழைய மாத்தில் சிலிண்டர்கள் மேல்நோக்கி நிற்பதால் மூக்கின் மேற்பகுதி புடைத்திருக்கும். டைகர் மாத்தில் எஞ்சின் தலைகீழாகத் தொங்குவதால் மூக்கின் மேற்பகுதி வழவழப்பாகச் சரிந்து, ஓட்டுபவருக்கு முன்பார்வை தெளிவாகும். இது மட்டும் போதாது. மாத் மேஜர் என்ற மற்றொரு வகையிலும் தலைகீழ் எஞ்சின் உண்டு. முடிவு சொல்வது இறக்கையின் சாய்வு. முன்னிருக்கையில் அமர்ந்தவர் ஆபத்தில் பாராசூட்டோடு வெளியேற முடியாதவாறு மேலிறக்கையின் நடுத்தூண்கள் சூழ்ந்திருந்தமையால், டைகர் மாத்தை வடிவமைத்தபோது அவற்றை முன்னே நகர்த்தினார்கள். இறக்கை முன்னே போனதால் குலைந்த எடைச் சமநிலையை ஈடுகட்ட, வெளி இறக்கைகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். ஒரு மனிதர் உயிரோடு குதிக்க வேண்டும் என்ற அக்கறை, விமானத்தின் நிழலுருவில் ஒரு சாய்கோடாகப் பதிந்திருக்கிறது. அந்தக் கோட்டைப் படத்தில் காணும் ஆர்வலர், காரணம் அறிந்து காண்பதால்தான் உறுதியோடு பேச முடிகிறது.

இத்தகைய பார்வைக்கு ஒரு கடுமையான முன்வரலாறு உண்டு. பிரிட்டன் போரறிவித்து மூன்று நாள் கழிந்த 1939 செப்டம்பர் 6 அன்று, எசெக்ஸ் பகுதியின் மேலே ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தம் நாட்டின் ஹரிக்கேன் விமானங்களையே பகையென்று கருதிச் சுட்டு வீழ்த்தின. ஓர் இளம் விமானி உயிரிழந்தார். அடையாளம் காண்பது உயிர்காக்கும் கல்வி என்பது அதன்பின் எவருக்கும் விளக்கத் தேவையில்லாமல் போயிற்று. தரையில் நின்று வானைக் காவல்செய்த தொண்டர்களுக்கும், பள்ளிச் சிறுவர்களுக்கும்கூட, விமானங்களின் நிழலுருக்களைப் பாடமாக்க 1941இல் தனி இதழே தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் இறக்கை, எஞ்சின், உடற்பகுதி, வால் என்று உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் முறை கற்பிக்கப்பட்டது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சாமுவேல் ரென்ஷா அதை மறுத்து, நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு மட்டும் உருவத்தைத் திரையில் காட்டி, முழு வடிவத்தையும் ஒரே பார்வையில் பற்றிக்கொள்ளப் பழக்கும் முறையை உருவாக்க, அமெரிக்கக் கடற்படை அதை ஏற்றுக்கொண்டது. பகுதிகளைக் கூட்டி முழுமையை அடைவதா, முழுமையை முதலில் கண்டு பகுதிகளால் சரிபார்ப்பதா என்ற அன்றைய விவாதம் பழம்படங்களை ஆராய்வோரிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. போர்முனையில் ரென்ஷாவின் வழி சரியாக இருக்கலாம். பழம்படத்தின் முன்னாலோ, அவசரம் ஏதும் இல்லாத இடத்தில், உறுப்பு உறுப்பாகச் செல்லும் பழைய வழியே நேர்மையானது. ஒரே பார்வையில் தோன்றும் பெயர், பார்ப்பவர் ஏற்கெனவே அறிந்திருக்கும் பெயராகவே இருக்கும் என்பதே அதற்குக் காரணம்.

அதே போரில், மேலிருந்து எடுத்த படங்களைப் படித்தவர்களின் பணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போருக்கு முன் விமான இதழொன்றில் எழுதிவந்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித், மெட்மனம் என்ற இடத்தில் இயங்கிய பிரிட்டிஷ் ஒளிப்பட ஆய்வு நிலையத்தில் விமானப் பிரிவை நடத்தினார். கேமராவின் குவியத் தொலைவையும் படமெடுத்த விமானத்தின் உயரத்தையும் அறிந்தால் படத்தின் அளவுகோலைக் கணக்கிடலாம். அளவுகோல் தெரிந்தால் புள்ளிபோன்ற ஓர் உருவத்தின் இறக்கை நீளத்தையும் அளக்கலாம். ஜெர்மனியின் பால்டிக் கடற்கரையிலுள்ள பீனமுண்டே ஆய்வுத்தளத்தின் படங்களில், எந்தப் பட்டியலிலும் இல்லாத, ஏறத்தாழ 6 மீட்டர் மட்டுமே அகலமுள்ள சிறிய சிலுவை உருவத்தை அவர் கண்டார்; 1943 நவம்பர் 28 அன்று எடுத்த படங்களில் அதே உருவம் சரிவான ஏவுதளத்தின் மேல் நின்றது. அது பின்னர் லண்டன் மீது வந்து விழுந்த வி-1 என்னும் ஆளில்லாப் பறக்கும் குண்டு. தெரிந்த விமானம் ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டிவிடாமல், தெரியாதது என்றே அவர் வைத்திருந்தார் என்பதுதான் இங்குப் போற்றத்தக்கது.

படத்தைப் படிப்பதற்கு முன் படச்சுருளைப் படிக்க வேண்டும் என்பது ஆர்வலர்கள் கற்றுத்தரும் மற்றொரு பாடம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவலாகப் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் என்னும் படப்பூச்சு, நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் மட்டுமே இணங்குவது. சிவப்பு அதற்குத் தெரியாது. ஆகவே அச்சிட்ட படத்தில் சிவப்பு ஏறக்குறையக் கருமையாகவும், நீலம் வெளிறியும், மஞ்சள் பல நேரங்களில் எதிர்பார்ப்பதைவிட மிகக் கருத்தும் விழும். எல்லா நிறங்களையும் உணரும் பாங்குரோமாட்டிக் பூச்சு பின்னர் பரவியது. அதில் இவ்வுறவுகள் மாறிவிடும். பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தில் வெளிவளையம் நீலம், நடுப்புள்ளி சிவப்பு. பிரெஞ்சு விமானத்தில் வெளிவளையம் சிவப்பு, நடுப்புள்ளி நீலம். முதல்வகைப் பூச்சில் எது கருத்திருக்கிறதோ அது சிவப்பு என்று கொள்ள வேண்டும். பூச்சின் வகை தெரியாமல் தீர்ப்புச் சொன்னால் விமானத்தின் நாடே மாறிப்போகும். ஒரு விமானம் என்ன நிறத்தில் இருந்தது என்று ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிடுவதை வெளியார் மிகையாகக் கருதலாம். ஆனால் கறுப்பு வெள்ளைப் படம், காலத்தின் நேர்மையான சாட்சியாகத் தோன்றிக்கொண்டே, தன் வேதியியலின் எல்லைக்குள் நின்றுதான் சாட்சி சொல்கிறது என்பதை வேறு எந்தத் துறையும் இவ்வளவு பொறுமையாக எடுத்துக்காட்டியதில்லை.

இத்துறையின் மாண்பையும் ஆபத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்வு குஸ்தாவ் வைட்ஹெட் பற்றியது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், ரைட் சகோதரர்களுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1901 ஆகஸ்டு 14 அன்று கனெடிகட் மாநிலத்தில் எஞ்சின் பொருத்திய விமானத்தில் பறந்ததாக ஒரு கூற்று உண்டு. அவ்வாரமே உள்ளூர் ஏடொன்று வரைபடத்தோடு அச்செய்தியை வெளியிட்டது. பறந்த நிலையில் அவ்விமானத்தைக் காட்டும் ஒளிப்படம் ஏதும் கிடைக்கவில்லை. ஆனால் 1906 ஜனவரியில் நியூயார்க்கில் அமெரிக்க ஏரோ கிளப் நடத்திய கண்காட்சியில் அத்தகைய மங்கலான படம் ஒன்று தொங்கியதாகச் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் எழுதியிருந்தது. அந்தக் கண்காட்சிக் கூடத்தின் சுவரைக் காட்டும் பழைய படம் ஒன்று எஞ்சியிருந்தது. அந்தப் படத்துக்குள், தொலைவில், சட்டமிட்ட சிறிய படங்கள் தெரிந்தன. 2013இல் ஜான் பிரவுன் என்னும் ஆய்வாளர் அவற்றுள் ஒன்றைப் பல மடங்கு பெரிதாக்கி, அங்கே தெரிந்த கருமைத் திட்டு, பறந்துகொண்டிருக்கும் வைட்ஹெட்டின் விமானமே என்று அறிவித்தார். விமானவியலின் பேரகராதி என்று கருதத்தக்கதும் 1909 முதல் வெளிவருவதுமான ஜேன்ஸ் ஆண்டுநூலின் ஆசிரியர், அவ்வாண்டு முன்னுரையில் வைட்ஹெட்டின் முதன்மையை ஏற்றெழுதினார். அதே ஆண்டு கனெடிகட் மாநிலம், முதல் எஞ்சின் பறப்பின் பெருமையை வைட்ஹெட்டுக்கு உரியதாக்கிச் சட்டமே இயற்றியது.

மறுப்பு ஓர் ஆர்வலரின் பொறுமையிலிருந்து வந்தது. தொடக்ககால விமானவியல் வரலாற்றை ஆராய்ந்துவந்த கேரல் கிரே, திட்டின் விளிம்புகளையும் ஒளிநிழல் பகுதிகளையும் அக்காலத்தின் அறியப்பட்ட மற்றப் படங்களோடு ஒப்பிட்டுத் தேடினார். அவர் கண்டடைந்தது, 1905இல் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த, ஜான் மாண்ட்கோமரி செய்த "கலிபோர்னியா" என்னும் கிளைடரின் படம். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்திறங்கும் விமானம். மாண்ட்கோமரியின் கிளைடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கைகள் அமைந்தவை, வெப்பக்காற்றுப் பலூனால் உயரத்துக்குத் தூக்கிச் சென்று விடுவிக்கப்பட்டவை. முதல் எஞ்சின் பறப்பின் சான்றாக முன்வைக்கப்பட்ட உருவம், எஞ்சினே இல்லாததாயிற்று. 2015இல் ஜேன்ஸ் நிறுவனம், அந்த முன்னுரை அதை எழுதியவரின் கருத்தே தவிர நிறுவனத்தின் கருத்தன்று என்று விளக்கம் தந்தது. வைட்ஹெட் பறந்தாரா இல்லையா என்ற வினாவை இது தனித்துத் தீர்த்துவிடவில்லை. அந்தப் படம் அதற்குச் சான்றாகாது என்பதை மட்டும் தீர்த்தது. ஒரு நல்ல அடையாளங்காணலின் எல்லையும் அவ்வளவே. அந்த எல்லையைத் தாண்டாமல் நிற்பது கிரேயின் கண்டுபிடிப்பைவிடவும் அரிய பண்பு.

இங்கே உற்றுநோக்க வேண்டியது, பிரவுனும் கிரேயும் பார்த்தது ஒரே திட்டைத்தான் என்பது. ஒருவர் தாம் தேடியதை அதில் கண்டார். மற்றவர் அது வேறென்னவாக இருக்கக்கூடும் என்று கேட்டார். மங்கல் கூடக் கூடப் பார்ப்பவரின் விருப்பம் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. எதிர்முனையில், 1903 டிசம்பர் 17 அன்று கில் டெவில் ஹில்ஸ் மணற்பரப்பில் எடுத்த படத்தை எண்ணிப் பார்க்கலாம். ஆர்வில் ரைட் கேமராவை நிறுத்திவைத்திருந்தார்; அதற்குமுன் கேமராவைத் தொட்டிராத கடல் உயிர்காப்பு நிலையப் பணியாளர் ஜான் டேனியல்ஸ் அதை இயக்கினார்; 12 நொடி நீடித்த பறப்பின் தொடக்கம் கண்ணாடித் தகட்டில் பதிந்தது. அப்படத்தில் புறப்பாட்டுத் தண்டவாளமும், இறக்கையை விட்டுவிட்டு ஓடி நிற்கும் வில்பர் ரைட்டும், மணலில் காலடித் தடங்களும் தெரிகின்றன. அந்தத் தெளிவு வாதத்துக்கு இடமளிக்காதது. வரலாறு எல்லோருக்கும் அத்தகைய தகட்டை விட்டுவைப்பதில்லை. விட்டுவைக்காத இடத்தில் இல்லை என்று ஒப்புவதே முறை.

வேண்டுமென்றே பொய் சொல்லும் படங்களும் உண்டு. ஹெயின்கல் நிறுவனம் செய்த ஹெ-100 என்னும் ஜெர்மானியப் போர்விமானம் படையில் சேர்க்கப்படவே இல்லை. அதன் இறுதி வடிவம் ஒரு டஜன் அளவிலேயே செய்யப்பட்டது. 1940இல் ஜெர்மானியப் பிரச்சாரத் துறை அந்தச் சில விமானங்களுக்கே மாற்றி மாற்றி வெவ்வேறு படைப்பிரிவுகளின் சின்னங்களைத் தீட்டி, வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, ஹெ-113 என்ற புதிய விமானம் படையில் சேர்ந்துவிட்டதாகப் பரப்பியது. அப்படங்கள் பிரிட்டிஷ் அடையாளக் கையேடுகளில் இடம்பெற்றன. அதைவிட வியப்பானது, பிரிட்டிஷ் விமானிகள் அந்த விமானத்தோடு வானில் மோதியதாக அறிக்கைகளும் எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. படம் கற்பித்த பெயரைக் கண் வானத்தில் தேடி எடுத்துக்கொண்டது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1930களில் பெரும் புகழ்பெற்ற காக்பர்ன்-லேஞ்ச் படங்களின் கதை வேறுவகை. முதல் உலகப் போரின் வான்சண்டைகளை மிக அருகிலிருந்து காட்டிய அவை, இறந்துபோன விமானி ஒருவர் எடுத்தவை என்று சொல்லப்பட்டு, 1933இல் நூலாகவும் வந்தன. பல விமானங்கள் ஒரே சட்டத்துக்குள் இவ்வளவு நெருங்கி மோதுவது நடக்கக்கூடியதா என்ற ஐயம் இருந்தும், அரை நூற்றாண்டுக் காலம் அவை மீண்டும் மீண்டும் அச்சேறின. 1980களில், போரில் விமானியாக இருந்து பின்னர் மாதிரியுருக்கள் செய்வதைத் தொழிலாகக் கொண்ட வெஸ்லி ஆர்ச்சர் என்பவரின் பொருள்கள் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தபோது, எல்லாம் சிறிய மாதிரி விமானங்களைக் கொண்டு அவர் உருவாக்கியவை என்பது வெளிப்பட்டது. படத்தின் உள்ளே தேடுவதோடு நிற்காமல், படம் யாரிடமிருந்து யார் கைக்கு எவ்வழியே வந்தது என்பதையும் ஆராய வேண்டும் என்ற விதியை இத்துறைக்கு இதைவிட அழுத்தமாக உணர்த்தியது வேறில்லை.

பெயர் கிடைத்துவிட்டால் என்ன பயன் என்ற வினா நியாயமானது. 1919ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, நாடுகடந்து பறக்கும் விமானங்களுக்கு நாட்டைக் குறிக்கும் எழுத்தும் தனியடையாள எழுத்துகளும் கொண்ட பதிவுக்குறியைக் கட்டாயமாக்கியது. பத்தாண்டு கழிந்து இந்திய விமானங்களுக்கு விடி என்ற முன்னெழுத்து வந்தது. இறக்கையிலோ உடற்பகுதியிலோ அந்த எழுத்துகளில் இரண்டு தெரிந்தாலும் போதும், பதிவேட்டின் வழியே உரிமையாளர், வாங்கிய நாள், விபத்து, முடிவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். எழுத்துகள் மறைந்திருந்தாலும் வகையைக் கண்டால் காலத்துக்கு ஒரு முன்னெல்லை கிடைக்கும். மேலிறக்கை ஒன்று மட்டும் கொண்ட, மூடிய அறையுள்ள பஸ் மாத் 1929இல் பறந்தது. அதைப் போன்றே தோன்றி, நுனி நோக்கிக் குறுகும் இறக்கை கொண்ட லெப்பர்ட் மாத் 1933இல்தான் வந்தது. ஆகவே படத்தில் நிற்பது பின்னது என்று தெளிந்தால், அதன் பக்கத்தில் நிற்கும் மனிதர்களின் காலமும் 1933க்கு முந்தியதாக இருக்க முடியாது. விமானத்துக்குப் பெயர் கிடைக்கும்போது, அருகே நிற்கும் பெயரற்ற மனிதர்களுக்கும் ஓர் ஊரும் ஆண்டும் கிடைத்துவிடுகின்றன. இத்துறையின் மிகப் பெரிய கொடை இதுவே என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

தமிழ் நிலங்களுக்கும் இவ்வரலாற்றில் நேரடியான பங்கு உண்டு. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா விடி-ஏடிஎன் என்ற பதிவுக்குறி கொண்ட பஸ் மாத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1935 நவம்பர் 27 அன்று கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானைத் தளத்தில் முதன்முதலாக இறங்கியதும், சென்னைப் பறத்தல் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த ஒரு பஸ் மாத் விமானம்தான். மீனம்பாக்கத்திலும் இரத்மலானையிலும் திருகோணமலையிலும் அக்காலத்தில் வேடிக்கை பார்க்கப் போனவர்களும், அங்கே வேலை செய்தவர்களும் எடுத்த படங்கள் இன்றும் குடும்பங்களின் பெட்டிகளிலும் ஆல்பங்களிலும் இருக்கக்கூடும். அவற்றை வைத்திருப்போர் செய்ய வேண்டியவை சில உண்டு. படத்தின் ஓரங்களை நறுக்க வேண்டாம். பதிவெழுத்தின் பாதி அங்கேதான் இருக்கும். பின்புறத்தில் உள்ள மங்கிய பென்சில் எழுத்தையும் ஒளிப்பட நிலையத்தின் முத்திரையையும் முன்புறத்தோடு சேர்த்தே படியெடுத்து வைக்க வேண்டும். ஆல்பத்திலிருந்து பிரித்தெடுக்கும் முன் அடுத்தடுத்த படங்களின் வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தில் நிற்பவரை அடையாளம் சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருந்தால், விமானத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் அந்த மனிதரின் பெயரைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். விமானத்தின் பெயரைப் பின்னர் யாரேனும் கண்டுபிடித்துவிடுவார்கள்.